மடியும் பெயரும்



மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை மிம்பரில் எடுத்தால் நாங்கள் நேரே கடல் பிளந்த இடத்துக்கு ஓடிவிடுவோம். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆற்றில் மிதந்து வந்த பெட்டியைத் திறந்த நாளிலேயே கொஞ்சம் நிற்போம்.

அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை. மன்னனின் மனைவி ஆசியா அம்மையார் பார்த்த உடனே அதைத் தன் கண்ணின் குளிர்ச்சி என்று ஏற்றுக்கொண்டார்கள். கொல்ல வேண்டாம், மகனாக வைத்துக்கொள்வோம் என்று கணவனிடம் கேட்டார்கள். அரண்மனை, பணிப்பெண்கள், பால் கொடுக்கத் தாய்மார், எல்லாம் இருந்தது. ஆனாலும் பிள்ளை யாரிடமும் பால் குடிக்கவில்லை. ஸூரா கஸஸில் அல்லாஹ் இதைச் சொல்லித் தருகிறான். அவனை அவனுடைய தாயிடமே திருப்பிச் சேர்ப்பதற்காக இப்படி நடந்தது என்று நாங்கள் பாடம் படிக்கிறோம். அது சரிதான். நான் இன்று பார்ப்பது அந்தப் பிள்ளையை. ஆசியா அம்மையாரின் அன்பில் குறை இருந்ததாலா அது வாயைத் திறக்கவில்லை? இல்லை. அந்தக் கை அதற்குப் புதிது, வாசம் புதிது, குரல் புதிது.

இதை ஏன் எடுத்தேன் என்றால், நமது மஹல்லாவிலும் பிள்ளை எடுத்து வளர்க்கிற வீடுகள் இருக்கின்றன. வருடக்கணக்காக வைத்தியம் செய்து, நேர்ச்சை வைத்து, பிறகு ஒரு நாள் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. ஊர் திரண்டு பார்க்க வருகிறது. ஓரிரு நாள் போனதும் பிள்ளை இரவிரவாக அழத் தொடங்குகிறது. அல்லது அழவே அழாமல் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறது. எடுத்த உம்மாவின் மனம் சுருங்கிப் போகிறது. ‘என்னை இந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லையோ, பெற்றவளாக இருந்தால் அடங்கியிருக்குமோ’ என்று தனக்குள் அரற்றுகிறாள். தங்கச்சி, அரண்மனையிலும் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

அழுகிற பிள்ளையை விட, அழாத பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். கை மாறிக் கை மாறி வந்த பிள்ளை, அழுது பயனில்லை என்று அடங்கியும் போகும். ‘என்ன சாதுவான பிள்ளை’ என்று பார்க்க வருகிறவர்கள் மெச்சுவார்கள். அது சாதுத்தனமாகவும் இருக்கலாம், ஒதுங்கிப் போனதாகவும் இருக்கலாம். பசித்தால் ஒருவர் வருவார், நனைந்தால் ஒருவர் மாற்றுவார், அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆள் என்று தெரிந்த பிறகு அது சத்தம் போட்டு அழும். அப்படி அழத் தொடங்கினால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

நமது கரையோர ஊர்களில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மா, சாச்சி, பெரியம்மா எல்லோரும் ஒரே வளவில், ஒரே ஒழுங்கையில். பெற்ற பிள்ளைக்கு இது பெரிய ரஹ்மத். மடிக்கு மடி மாறி வளரும். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்களில் இத்தனை மடி வேண்டாம். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, ஏணையில் போட்டு ஓராட்டுவது இவற்றை உம்மாவும் வாப்பாவும் மட்டும் செய்யட்டும். மூத்தம்மாமார் மனம் நோகக் கூடாது. அவர்கள் சமையலைப் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

பிறகு ஒவ்வொன்றாக வரும். முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புறப் புரள்வது, பல் முளைக்கிற சிணுங்கல். எட்டு மாதமளவில் இன்னொன்று வரும். அதுவரை யார் தூக்கினாலும் போன பிள்ளை, திடீரென்று உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வேறு யாரிடமும் போக மறுக்கும். வாப்பா சேர்ட்டைப் போட்டால் வாசல் வரை தவழ்ந்து வந்து கத்தும். பெற்ற வீட்டில் இதைத் தொல்லை என்பார்கள். எடுத்து வளர்க்கிற வீட்டில் அது பெருநாள். ஆளைத் தெரிந்துகொண்டது, விட்டுப்போனால் தேடுகிறது.

சில பிள்ளைகளுக்கு இவையெல்லாம் பிந்தி வரும். அடுத்த வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது, நம்முடையது இன்னும் உட்காரவில்லை என்று கணக்குப் பார்க்காதீர்கள். கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மிட்வைஃப் மிஸ்ஸி வைத்திருக்கிற வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வைத்தியரைக் கேளுங்கள். தண்ணீர் ஓதுவது அதற்குப் பிறகு.

இந்தச் சின்ன விஷயங்களையெல்லாம் மிம்பரில் பேச வேண்டுமா என்று முன் வரிசையில் சிலர் நினைப்பது தெரிகிறது. தொழுகையை நீட்ட நினைத்து நிற்கும் போது ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணி அந்தத் தொழுகையையே சுருக்கியவர்கள் எங்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். மகள் ஸைனபின் பிள்ளை உமாமாவைத் தூக்கியபடி தொழுதார்கள், ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். மடியில் வைத்த கைக்குழந்தை சிறுநீர் கழித்தபோது தண்ணீர் கேட்டுத் தெளித்தார்கள், முகம் சுளிக்கவில்லை. அவர்களும் வாப்பாவைக் காணாமலே பிறந்து, ஹலீமா அம்மையாரின் பால் குடித்து, பாட்டனார் வீட்டிலும் பெரிய வாப்பா வீட்டிலும் வளர்ந்த யதீம் பிள்ளைதான். யதீமைப் பொறுப்பெடுத்தவரும் தானும் சுவர்க்கத்தில் இரண்டு விரல்களைப் போல நெருங்கியிருப்போம் என்று காட்டிய ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நெருக்கம் நடுச்சாமத்தில் பால் போத்தலைக் கழுவுவதில் இருந்து தொடங்குகிறது.

இனி நமது ஊரில் நடந்த ஒன்று. வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். இலங்கையில் அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, தமிழ் வீடு முஸ்லிம் வீடு என்று அலை பார்க்கவில்லை. அன்று கல்முனை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களில் இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. யாருடையது என்று தெரியாததால் அனுமதி இலக்கமே அதற்குப் பெயரானது: 81. பிள்ளையை இழந்த ஒன்பது குடும்பங்கள் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி கோரிக்கை வைத்தது ஒரு தமிழ்த் தம்பதி மட்டுமே என்பது பிறகு தெரிந்தது. இருந்தும் நீதிமன்றம் அவசரப்படவில்லை. மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. ஐம்பது நாளுக்கு மேல் அந்தத் தாய் காத்திருந்தாள். 2005 பெப்ரவரி 16-ஆம் திகதி பிள்ளை அவள் கைக்குப் போனது.

அந்த நாட்களில் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்க எத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பார்கள்! அப்படி ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் ஆசைப்பட்டவரிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று அன்று முடிவெடுத்திருந்தால், பெற்றவள் உயிரோடு இருக்க, பிள்ளை வேறு பெயரில் வளர்ந்திருக்கும். பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும். அந்த மடியில் ஏறுவதற்காக அது தன் பெயரை விலையாகக் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஸூரா அஹ்ஸாபின் தொடக்கத்தில் அல்லாஹ் போட்ட சட்டமும் இதுவே. வளர்க்கும் பிள்ளைகளை அவர்களுடைய வாப்பாமாரின் பெயரால் அழைக்க வேண்டும். வாப்பா யார் என்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள். இதைக் கேட்டதும் சிலர், இஸ்லாத்தில் பிள்ளை வளர்ப்பதே தடை என்று கதை கட்டிவிடுகிறார்கள். ஸைத் ரலியல்லாஹு அன்ஹு அவர்களைப் பாருங்கள். சிறு வயதில் பிடித்துச் செல்லப்பட்டு, விற்கப்பட்டு, நபியவர்களின் வீட்டில் வளர்ந்தார். தகப்பன் ஹாரிஸா தேடி மக்காவுக்கு வந்தபோது, போவதா இருப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கே கொடுக்கப்பட்டது. இருப்பேன் என்றார். முஹம்மதின் மகன் என்றே ஊர் அழைத்தது. வசனம் இறங்கியதும் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஆனார். அதனால் அன்பு குறைந்ததா? படைத் தலைமையை அவரிடம் கொடுத்தார்கள். முஃதா போரில் அவர் ஷஹீதானபோது நபியவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

பெயரை மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது நாடே சாட்சி. 1970களிலும் 80களிலும் இங்கிருந்து பல்லாயிரம் கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பலருடைய பத்திரத்தில் இருந்த தாயின் பெயரே பொய். நல்ல வீடுகளில் வளர்ந்தவர்கள்தான். இன்று நடுவயதில், அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தாயைத் தேடுகிறார்கள். இப்படிப்பட்ட முறைகேடுகளை விசாரித்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, நெதர்லாந்து அரசு 2021 பெப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

ஆகவே, ‘ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருக்கிறதாம், பேசாமல் எடுத்துப் பெற்ற பிள்ளையாகவே பதிந்துவிடலாம்’ என்று யாராவது வந்து சொன்னால், அவரைப் படியேற்றாதீர்கள். இந்த நாட்டில் 1941-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கத் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றமும் நன்னடத்தைத் திணைக்களமும் இருக்கின்றன. அலைச்சல்தான். அந்த அலைச்சல் பிள்ளைக்கான பாதுகாப்பு.

எடுத்த பிள்ளை வளர்ந்த பிறகு மஹ்ரம் ஆகாதே என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வழி இருக்கிறது. பிள்ளை இரண்டு வயதுக்குள் இருக்கும்போது ஐந்து தடவை தனித்தனியாக வயிறாரப் பால் குடித்தால் எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் பால் உறவு உண்டாகும். ஆண் பிள்ளையா, உங்கள் மனைவியின் சகோதரி பால் கொடுக்கட்டும், மனைவி அதற்குச் சாச்சியோ பெரியம்மாவோ ஆகிவிடுகிறாள். பெண் பிள்ளையா, உங்கள் சகோதரி கொடுக்கட்டும், நீங்கள் மாமா ஆகிவிடுகிறீர்கள். மனைவியே கொடுக்க முடிந்தால் இரண்டு பக்கமும் தீர்ந்தது. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் வைத்தியரின் உதவியோடு பால் சுரக்கச் செய்ய முடியும். எடுக்கும் முன்பே கேளுங்கள். மூன்று வயதில் வந்து கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சொத்து விஷயமும் அப்படியே. வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுக்கலாம். நமது ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்கிறோம். அந்த வழக்கம் சரியா என்பது வேறு நாள் பேச வேண்டிய கதை. ஆனால் பாசமாக வளர்த்துவிட்டு, வீட்டுப் பேச்சு வரும் நேரத்தில் மட்டும் ‘அது எடுத்த பிள்ளைதானே’ என்று சகோதரன் பிள்ளைகள் வந்து நின்றால், அந்தப் பெண் எங்கே போவாள்? உசிர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது என்று கேட்பார்கள். கல்யாண எழுத்துக்கு வலியாக யார் நிற்பது என்ற கேள்வி வரும் நாளில் தெரியவந்தால் அது பெரிய கொடுமை. ஏணையில் கிடக்கும் போதே சொல்லத் தொடங்குங்கள், அல்லாஹ் உன்னை எங்களிடம் இப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தான் என்று. விளங்கும் வயது வரும்போது அது கேட்டுப் பழகிய கதையாக இருக்கும்.

கடைசியாக, எடுக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வீட்டுக்குப் போகும்போது யார் பெற்றது, எங்கே எடுத்தது என்று கேட்காதீர்கள். பிள்ளை யார் சாயல் என்று ஆராயாதீர்கள். தூக்கத் தரச் சொல்லாதீர்கள். ஒரு சட்டி கறியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி துஆ செய்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நாளைக்கு அந்த வாப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தால், அது ஸஃப்பில் அழுதாலும் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள்.