கொம்பின் வாயில் பொன்

ட்ரம்பெட் வாசிப்பவரின் உதடு ட்ரம்பெட்டைத் தொடுவதில்லை. அது தொடுவது, குழலின் முனையில் செருகிக் கழற்றத்தக்க மவுத்பீஸ் என்னும் சிறு பித்தளைத் துண்டை மட்டுமே. ஒருபுறம் கிண்ணமாக விரிந்து மறுபுறம் குழாயாக ஒடுங்கும் அந்தத் துண்டுக்குள்தான் உதடுகள் அதிர்ந்து, அவற்றின் அதிர்வு குழலிலுள்ள காற்றோடு இணைந்து ஒலியாகிறது. கருவியோடு ஒப்பிட்டால் விலையில் சிறியதாகிய இப்பொருளைப் புதிதாகத் தேர்ந்தெடுப்பது கடைவீதியில் முடிந்துவிடும் காரியமாகத் தோன்றினாலும், எழும் ஒலி ஊதுபவருடையதா, கருவியுடையதா, இரண்டுக்கும் இடையே நிற்கும் பொருளுடையதா என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. இதே கேள்வியை, அதுவும் உதடு படும் இடத்தைக் குறித்தே, யூதச் சமயச் சட்டம் மிகப் பழைய காலத்திலேயே எழுப்பி விடை சொல்லியிருப்பதால், இசைஞர்களின் சிக்கலை அச்சட்டத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் பொருளின் அமைப்பைக் காண வேண்டும். உதடு அழுந்தும் வட்டத்துக்கு விளிம்பு என்று பெயர். அது அகன்றிருந்தால் அழுத்தம் பரவி உதடு எளிதில் சோர்வதில்லை, உள்முனை கூர்மையாக இருந்தால் சுரத்தின் தொடக்கம் தெளிவாகிறது, ஆனால் உதடு விரைவில் நோகிறது. விளிம்புக்குள் உள்ள கிண்ணம் ஆழமானால் ஒலி கருமையும் கனமும் பெறுகிறது, ஆழம் குறைந்தால் பளிச்சென்று ஒலித்து மேல்சுரங்களுக்குத் துணை செய்கிறது. கிண்ணத்தின் அடியில் தொண்டை எனப்படும் குறுகிய துளை இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வின்சென்ட் பாக் 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கி, பின்னர் வகுத்த எண்முறையே இன்றும் பரவலாக வழங்குகிறது. அதில் எண் குறையக் குறைய விட்டம் பெருகும், எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைச் சொல்லும். புதிய ட்ரம்பெட்டுகளோடு பெரும்பாலும் சேர்ந்து வரும் 7சி-யின் விட்டம் 16.20 மில்லிமீட்டர் என்றும், பெரிய இசைக்குழுக்களில் விரும்பப்படும் ஒன்றரை சி-யின் விட்டம் 17 மில்லிமீட்டர் என்றும் குறிக்கப்படுகின்றன. ஒரு மில்லிமீட்டர்கூட நிறையாத இந்த வேறுபாட்டை விரலால் தடவி உணர்வது கடினம். உதடோ உடனே உணர்ந்துவிடும்.

இனி ஷோஃபார். யூதப் புத்தாண்டாகிய ரோஷ் ஹஷானாவில் ஊதப்படும் ஆட்டுக்கடாக் கொம்பே ஷோஃபார். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பும், அதன்மீது எழுந்த விரிவான விவாதங்களின் தொகுதியாகிய தல்மூதும் எந்தக் கொம்பு செல்லும், எது செல்லாது என்று நுணுக்கமாக வகுக்கின்றன. கொம்பின் உட்புறமோ வெளிப்புறமோ சுரண்டி மெலிதாக்கினால் செல்லும். உடைந்த துண்டுகளை ஒட்டிச் செய்தால் செல்லாது. வெளிப்புறத்தில் பொன்தகடு போர்த்தினால், அதனால் குரல் மாறாதவரை செல்லும், மாறினால் செல்லாது. உதடு வைக்கும் இடத்தில் பொன் பூசியிருந்தால் குரல் மாறுகிறதா என்ற கேள்விக்கே இடமின்றிச் செல்லாது. எருசலேம் ஆலயத்தில் ஊதப்பட்ட புத்தாண்டுக் கொம்பின் வாய் பொன்னால் போர்த்தப்பட்டிருந்தது என்று மிஷ்னாவே கூறுவதால் முரண் எழுகிறது; ஆலயத்துப் பொன்னும் உதடு படும் இடத்தைத் தவிர்த்தே போர்த்தப்பட்டது என்று தல்மூத் அதைத் தீர்க்கிறது. அழகுக்கும் மதிப்புக்கும் உரிய பொன் வாயருகே வரை வரலாம், ஆனால் மூச்சுக்கும் கொம்புக்கும் நடுவே வரலாகாது என்பதே இதன் கருத்து.

இந்த விதிகளை உலோகத்தின்மீது கொண்ட வெறுப்பு என்று கொள்வது பிழையாகும். எண்ணாகமத்தின் பத்தாம் அதிகாரம் இரண்டு பூரிகைகளை, அதாவது நேரான ஊதுகுழல்களை, வெள்ளியில் அடித்துச் செய்யுமாறு கட்டளையிடுகிறது. இனிமையை முன்னிட்டு எழுந்த விதிகளாகவும் இவற்றைக் கருத இயலாது. ஏனெனில் கொம்பின் குரல் தடித்தோ மெலிந்தோ வறண்டோ எப்படி ஒலித்தாலும் செல்லும் என்று அதே தல்மூத் வெளிப்படையாகச் சொல்கிறது. எக்குரலும் ஏற்புடையது, பொன்னால் மாறிய குரல் மட்டும் ஏற்புடையதன்று என்ற இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சட்டத்தின் ஆழம் புலப்படுகிறது: அது கேட்க விரும்புவது நல்ல குரலை அன்று, இந்தக் கொம்பின் குரலை. எனவேதான் குறைத்தல் ஏற்கப்படுகிறது, கூட்டல் மறுக்கப்படுகிறது. கொம்பின் நுனியை வெட்டித் துளையிட்டு உதட்டுக்கு ஏற்ற வாயை அதிலேயே அமைப்பவர் கொம்பிலிருந்து நீக்குகிறாரேயன்றி அதனோடு எதையும் சேர்ப்பதில்லை. ட்ரம்பெட் மவுத்பீஸைக் கொம்பில் செருகி ஊதுபவரோ, எளிதில் ஓங்கிய ஒலி பெற்றாலும், கடமையை நிறைவேற்றியவர் ஆகமாட்டார்.

இந்த அளவுகோலால் ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சியைச் சோதிக்கலாம். 1922இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் வெள்ளியில் ஒன்றும் செம்புக்கலவையில் ஒன்றுமாக இரண்டு ஊதுகுழல்கள் இருந்தன. அவற்றுக்குத் தனி மவுத்பீஸ் இல்லை. 1939இல் ஆங்கிலேய இராணுவ இசைஞர் ஒருவர் அவற்றை ஊதி, வானொலியில் உலகமே கேட்டு வியந்தபோது, அவர் தம் காலத்து மவுத்பீஸைச் செருகியே ஊதினார். குழல் மூவாயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் உதடுகள் அதிர்ந்த கிண்ணமும் அதன் தொண்டையும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியவை. ஆகவே அன்று ஒலித்தது துட்டன்காமனின் குழலோசை என்று சொல்வதைத் தல்மூதின் அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள், அவர்கள் மறுப்பது நியாயமாகவும் இருந்திருக்கும்.

ட்ரம்பெட் இசைஞரின் நிலை இதற்கு நேர் எதிரானது. வெள்ளிப்பூச்சு ஒவ்வாத உதடுடையோர், சட்டம் விலக்கிய அதே இடத்தில், அதாவது விளிம்பில், பொன் பூசிக்கொள்கின்றனர். வழிபாட்டில் கேட்கப்பட வேண்டியது கொம்பின் குரல் என்பதுபோல இசையில் கேட்கப்பட வேண்டியது மனிதரின் குரல். ஆகையால் உடலுக்கு ஏற்பக் கருவியின் வாயை மாற்றுவது இங்கே பிழையாகாது. தடித்த உதடுடைய ஒருவரைக் குறுகிய விளிம்பில் அடக்கினால் ஒலிப்பது அவருடைய குரலன்று, அவர் படும் தடை. அவ்வாறே, ஜாஸ் பெருங்குழுவில் மேல்சுரங்களைத் தாங்கி நிற்பவர் ஆழம் குறைந்த கிண்ணத்தையும், சிம்பொனி இசைக்குழுவில் அமர்பவர் ஆழமான கிண்ணத்தையும் நாடுவது பணியின் தேவையை ஒட்டியது.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. தேர்வு சரியா என்று தீர்ப்பளிக்க வேண்டிய உதட்டுத் தசைகளே தேர்ந்த பொருளுக்கு ஏற்பச் சில வாரங்களில் தம்மை மாற்றிக்கொள்வதால், கடையில் சில நிமிடம் ஊதிப் பார்த்து முடிவு செய்பவர் தம் பழைய உதட்டைக் கொண்டு புதிய பொருளை அளக்கிறார். பழகிய பின் அளப்பவரோ அப்பொருளே வடித்த உதட்டைக் கொண்டு அதை அளக்கிறார். தேர்வே தேர்பவரை மாற்றிவிடும்போது பழைய விருப்பமும் புதிய விருப்பமும் நடுநிலையான அளவுகோலாக நிற்க முடியாது என்பதை அமெரிக்க மெய்யியலாளர் லோரி பால் 2014இல் வெளியிட்ட நூலில் பிள்ளைப்பேறு போன்ற வாழ்க்கை முடிவுகளை முன்வைத்து விரிவாக ஆராய்ந்தார். அதே முடிச்சு இங்கே சிறிய அளவில் விழுந்திருக்கிறது. இதை உணராதவர் ஒவ்வொரு முறையும் முதல்நாள் புதுமையை முன்னேற்றமென்று எண்ணி, அது தேய்ந்ததும் அடுத்ததைத் தேடிச் செல்கிறார்.

இம்முடிச்சை அவிழ்க்க யூதச் சட்டத்தின் வேறொரு பகுதி உதவுகிறது. தூய்மைக்காக நீரில் முழுகுபவரின் உடலில் ஒட்டியிருக்கும் பொருள் நீருக்குத் தடையாகுமா என்று வினவும் அச்சட்டம், உடலின் சிறுபகுதியை மட்டும் மறைத்து, அவரால் பொருட்படுத்தப்படாமல் இருக்கும் ஒன்று தடையாகாது என்கிறது. அது உடலோடு சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. கொம்புக்கு இந்தச் சலுகை இல்லை, அங்கே எவருடைய மனநிலையும் பொன்னைக் கொம்பாக்கிவிடாது. ஆனால் மனிதக் குரலைத் தேடும் இசைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பாண்டி 1945இல் வெளியிட்ட நூலில் கண்பார்வையற்றவரின் கைத்தடி ஒரு பொருளாக அவருக்குத் தோன்றாமல் தொடுகையின் நீட்சியாகிவிடுவதைக் காட்டியதும் இதனோடு ஒத்துப்போகிறது. வாசிக்கும்போது இசைஞரின் கவனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் மவுத்பீஸ் எவ்வளவு உயர்ந்ததாயினும் தடையே. கவனத்திலிருந்து விலகிவிட்டது எளிய 7சி-யாக இருந்தாலும் அது உடலின் பகுதி. உறுத்தாத நிலை எதுவும் முதல்நாளில் வாய்ப்பதில்லை, மாதந்தோறும் மாற்றுபவருக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை.

ஆகவே விளிம்பு உதட்டை அறுக்கிறது, பல்லின் அமைப்போடு பொருந்தவில்லை, ஏற்ற பணிக்குக் கிண்ணம் ஒத்துவரவில்லை என்ற காரணங்களுக்காகப் புதிய மவுத்பீஸ் கேட்கும் மாணவருக்கு ஆசிரியர் தயங்காமல் உடன்பட வேண்டும்; தம் குரல் அதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேட்பவருக்கு, கையிலிருப்பதையே இன்னும் ஓராண்டு ஊதுமாறு சொல்லி மறுக்க வேண்டும்.