கேட்பவர் காதில் பிறக்கும் ஆழம்

பேஸ் கிட்டார் வாசிப்பவர் புது காம்போ ஆம்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கதவைச் சாத்துவார். பேஸ் குமிழை வலது கோடிவரை திருப்புவார். ட்ரெபிளையும் ஏற்றுவார், நடுவிலுள்ள மிட்டை இறக்குவார். சன்னல் கண்ணாடி அதிரும், தரைவழியாக ஒலி காலில் ஏறும், விரல் பட்ட ஒவ்வொரு இடமும் பளிச்சென்று கேட்கும். அந்தச் சுகம் உண்மையானது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே குமிழ் நிலையோடு டிரம்ஸும் கிட்டாரும் கீபோர்டும் பாடகரும் சேரும் இடத்துக்குப் போனால் பேஸ் காணாமல் போகும். ஏதோ முழங்குவது தெரியும், என்ன சுரம் என்று தெரியாது. வால்யூமை ஏற்றினால் முழக்கம்தான் கூடும், சுரம் இன்னும் மங்கும். இந்த ஆம்ப் போதாது என்று முடிவுகட்டி, பெரியதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குவார்.

குறை பெரும்பாலும் ஆம்ப்பில் இருப்பதில்லை. அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறோம்.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அதை முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து எழுப்பப் பார்க்கிறோம். ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களிடம் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு: சிறிய பெட்டி, அடியாழம்வரை இறங்கும் ஒலி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். காம்போ என்பது கையில் தூக்கிப் போவதற்கென்றே செய்த பெட்டி. டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும் சத்தமும் அதனிடம் வேண்டும். ஆகவே அது விட்டுக்கொடுப்பது அடியாழத்தைத்தான். சிறிய காம்போக்களில் அந்த 41 ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

குமிழை முழுக்கத் திருப்பினால் வந்துவிடாதா? தாழ்ந்த பகுதியை 12 டெசிபல் உயர்த்தினால், அந்தப் பகுதிக்கு மட்டும் முன்பு செலவானதைப் போல ஏறக்குறைய 16 மடங்கு வாட் தேவைப்படும். அதோடு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே அளவு சத்தம் தர, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கூம்பு தன் எல்லையில் முட்டத் தொடங்குகிறது, ஆம்ப்பின் சக்தி கரைகிறது, மற்றச் சுரங்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தராத ஒன்றைத் தரச்சொல்லி வற்புறுத்தியதில், அது நன்றாகத் தரக்கூடியதையும் இழந்துவிடுகிறோம்.

அப்படியானால் ஒன்று விளங்க வேண்டும். 41 வெளியே வரவே இல்லையென்றால், அந்தச் சின்னக் காம்போவில் தடித்த கம்பி எப்படித் தாழ்ந்த சுரமாகவே கேட்கிறது? ஒரு கம்பி ஒற்றை அதிர்வாக ஒலிப்பதில்லை. 41ஓடு 82, 124, 165, 206 என்று மேலே மேலே அதன் மடங்குகளும் சேர்ந்தே எழுகின்றன. காது இந்த மடங்குகளைக் கேட்கிறது, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி 41 என்று கண்டுகொள்கிறது, வராத அடிச்சுரத்தைத் தானே கேட்டுவிடுகிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த எதையும் கடத்தவில்லை. ஓர் ஆணின் பேச்சுக்குரலோ நூறையொட்டித்தான் தொடங்குகிறது. ஆனாலும் ஊரிலிருந்து அப்பா பேசினால் குரல் கனத்தோடுதான் கேட்டது.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுக்க இதைத் தெரியாமலேயே பழகியிருக்கிறது. 1980களில் இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணைநிற்பதோடு முடிந்துவிடாமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நடந்தது. அந்தப் பாட்டுகளைப் பலர் கேட்டது டீக்கடை ரேடியோவிலும் கையகல டிரான்சிஸ்டரிலும்தான். அந்தச் சின்ன ஸ்பீக்கர்களுக்குப் பேஸின் அடிச்சுரத்தை எழுப்பும் திராணி கிடையாது. இருந்தும் பேஸ் போகும் வழியை மக்கள் வாயால் முணுமுணுத்தார்கள். அங்கே இல்லாத ஒலியை அவர்கள் பின்தொடர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்துக்காக 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸும் இப்படித்தான் உலகத்தைச் சென்றடைந்தது. பாட்டைப் பதிவுசெய்ததும் கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சிறு ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பது மோடவுனில் வழக்கம். ஜேமர்சனின் கருவி 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ். அதில் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகள். அறுந்தாலொழிய அவற்றை அவர் மாற்றவில்லை என்பார்கள். பிரிட்ஜின் மூடிக்கடியில் ஒரு நுரைத்துண்டு, வலக்கையில் சுட்டுவிரல் ஒன்று மட்டும். பழைய கம்பியும் நுரையும் சேர்ந்து சுரத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும். ஒவ்வொரு சுரமும் தெளிவாக எழுந்து, அடுத்ததற்கு இடம்விட்டு ஒதுங்கும். ஸ்டுடியோவில் பெரும்பாலும் அவருக்கு ஆம்ப் கூட இல்லை. கருவியிலிருந்து கேபிள் நேராக மிக்ஸிங் மேசைக்குப் போனது.

கிளப்புகளில் வாசிக்கும்போது அவர் வைத்திருந்தது ஆம்பெக் பி-15. ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல், நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பேஸ் கலைஞர். கூட்டத்தில் அமுங்கிப்போகும் அந்த வாத்தியத்தைத் தெளிவாகக் கேட்கவைக்க வேண்டும் என்று, அது தரையில் ஊன்றும் முளையில் ஒலிவாங்கியைப் பொருத்திப் பார்த்தவர். ஒலி சிதறுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவருடைய நிறுவனத்தில் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960இல் வெளிவந்த பி-15இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சக்தி 25 வாட். ஆம்ப் பகுதியைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடித் தூக்கிப் போகலாம். இன்று 250 வாட் காம்போவைக்கூடச் சின்னது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் வாட் பத்து மடங்கானால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஸ்பீக்கர் ஒன்றுபோல இருந்தால் அந்த 25க்கும் இந்த 250க்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஒரு பெட்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் கடைசிச் சொல் ஆகாது. 1951இல் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் ஆம்ப்பைச் செய்தார். பின்னாளில் அது பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கோடு வந்தபோது கிட்டார் வாசிப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப்பும் அதைப் பார்த்துச் செய்ததுதான்.

இனி, அறை. இதைப் பற்றிப் பேசாமல் குமிழ்களைப் பற்றி மட்டும் பேசுவது வீண். காம்போ தரையில் இருக்கிறது, வாசிப்பவர் அதற்கு ஓரிரு அடி முன்னால் நிற்கிறார். உயர்ந்த அதிர்வுகள் ஸ்பீக்கரிலிருந்து நேராகப் பாயும் இயல்புடையவை. அவை அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு முன்வரிசையில் இருப்பவர் முகத்தில் போய்ப் படுகின்றன. தாழ்ந்தவையோ எல்லாப் பக்கமும் பரவி அவரைச் சூழ்கின்றன. அவருக்கு ஒலி மந்தமாகப் படுகிறது, ட்ரெபிளை ஏற்றுகிறார். முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்கிறார். இவ்வளவுக்கும் செய்ய வேண்டியிருந்தது ஆம்ப்பை ஒரு நாற்காலியில் தூக்கி வைப்பது, அல்லது மேல்நோக்கிச் சாய்த்து வைப்பது.

சுவரும் தரையும் கூட குமிழ்கள்தான், அவற்றின்மேல் எண்கள் எழுதியிருக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் தாழ்ந்த ஒலி பெருகும், மூலையில் தள்ளினால் இன்னும் பெருகும். பின்சுவரிலிருந்து ஸ்பீக்கர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் வேறொன்று நடக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேராகப் போகும் அலைக்கு எதிராக வந்துசேர்ந்து 86 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை விழுங்கிவிடும். தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கம்பியின் மூன்றாவது கட்டத்தில் இருக்கும் சுரம் கிட்டத்தட்ட அதுதான். மற்றதெல்லாம் ஒலிக்க, அந்த ஒன்று மட்டும் வலுவிழந்து நிற்கும். விரலையும் பிக்கப்பையும் சந்தேகிப்பார்கள். ஆம்ப்பைச் சுவரருகே தள்ளிப் பார்த்தால் சுரம் திரும்பி வருவதைக் கேட்கலாம்.

வீட்டில் கண்டுபிடித்த நிலை மேடையில் உதவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் அளந்து காட்டியது அது. மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகவே எட்டுகிறது, சத்தம் ஏற ஏற அது விரைந்து நிறைகிறது. இரவில் வீட்டார் உறங்கும்போது மெல்ல வைத்துப் பார்த்து, பேஸ் போதவில்லை என்று ஏற்றியதெல்லாம் மேடையின் சத்தத்தில் வெள்ளமாக வந்து மோதும்.

தனியறையில் நாம் முதலில் இறக்கிய மிட்டுக்கு இப்போது வருகிறேன். ஏறக்குறைய 200இலிருந்து 800 ஹெர்ட்ஸ்வரை உள்ள பகுதி அது. தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும், அழகில்லாமல் இருக்கும். ஆனால் அடிச்சுரத்தைக் காது கட்டியெழுப்பத் தேவையான மடங்குகளில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. கீழே 50, 60, 80 என்ற இடத்தில் கிக் டிரம் உட்கார்ந்திருக்கும். அங்கே போய் இடித்துக்கொண்டால் இரண்டுக்கும் உருவம் இல்லாமல் போகும். கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையும் அங்கேயே இறங்கிவரும். அவரிடம் அன்பாகப் பேசி, இடக்கையைச் சற்று மேலே வைத்துக்கொள்ளச் சொல்வது எந்தக் குமிழையும் விட அதிகம் செய்யும் என்பது என் உறுதியான எண்ணம். கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி மீட்டினால் மிட் தானாக முன்னுக்கு வரும். ஓங்கி அடிக்காமல் மெல்ல மீட்டி, ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டால் சுரம் முழுசாக நிற்கும். வாசிக்காத கம்பிகளை விரலால் அடக்கி வைத்தால், அடியில் தேங்கும் கலங்கல் ஒலி பாதி போய்விடும்.

இவையெல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுவதாக எனக்குப் படுகிறது. ஆழத்தை வாசிப்பவர் செய்து கொண்டுவந்து கொடுப்பதில்லை. அதற்கான தடயங்களைத் தெளிவாகக் கொடுக்கிறார், ஆழத்தைக் கட்டுபவர் கேட்பவர். டீக்கடை வாசலில் நின்றவரும் டெட்ராய்டில் கார் ஓட்டியவரும் அதைத்தான் செய்தார்கள். கேட்பவரை நம்பாதவர் எல்லாவற்றையும் தன் பெட்டியிலிருந்தே தள்ளப் பார்க்கிறார், தடயங்களைத் தன் முழக்கத்தால் தானே மூடிவிடுகிறார். நம்புகிறவர் தன் காதுக்குக் கொஞ்சம் வறண்டு தெரியும் ஒலியோடு மேடையில் நிற்கச் சம்மதிக்கிறார், அந்த வறட்சி இருபதடி தள்ளி நிறைவாகக் கேட்கும் என்று அறிந்து. ஜேமர்சனின் பெயர் மோடவுனின் முக்கிய இசைத்தட்டு ஒன்றின் உறையில் அச்சானது 1971இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான். அதற்குள் அவருடைய பேஸுக்கு எத்தனையோ லட்சம் பேர் ஆடியிருந்தார்கள், அதை வாசித்தவர் யாரென்று தெரியாமலேயே. அவர்கள் கேட்டது பேஸைக் கூட அல்ல, அதன்மேல் தயக்கமின்றி நின்ற குரலை. பேஸ் சரியாக இருக்கும்போது பாடகர் நன்றாகப் பாடுகிறார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

ஆகவே மேடையில் ஒலி பார்க்கும்போது எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குவது நல்லது. பலமாக மீட்டும்போது கிளிப் விளக்கு இலேசாக மின்னும் இடம்வரை கெயினை ஏற்றி, பிறகு ஒரு பொட்டு குறைக்க வேண்டும். டிரம்ஸ்காரரோடு ஓர் எளிய நடையை வாசித்தபடியே, கேபிள் எட்டும்வரை மேடையைவிட்டு இறங்கிப் போய்க் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வாத்தியங்கள் எல்லாம் ஒலிக்கும்போது பாடகரை அழைத்து, கீபோர்டைப் பார்க்காமல் பேஸிலிருந்து மட்டும் தன் சுருதியைப் பிடித்துப் பாடச் சொல்லுங்கள். அவர் தேடினால் மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்குங்கள், மறுபடி கேளுங்கள். அவர் தேடாமல் பாடத் தொடங்கிய நிலையில் குமிழ்களை விட்டுவிடலாம்.