காவலருக்கு வகுத்த நெறி

1979-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, சட்டத்தை அமல் செய்யும் அதிகாரிகளுக்கென்று எட்டே விதிகள் கொண்ட ஒரு நடத்தைக் கோவையை ஏற்றபோது, நம் சூத்திரங்களுக்கு உரை வாய்த்ததைப் போல, ஒவ்வொரு விதிக்கும் விளக்கவுரை ஒன்றையும் சேர்த்தே வைத்தது. லஞ்சத்தை எதிர்ப்பதும் ரகசியம் காப்பதும் எவரும் எழுதிவிடக்கூடிய உபதேசங்கள்தாம். ஆனால், சித்திரவதையை விலக்கியதோடு அமையாமல், மேலதிகாரியின் உத்தரவையோ, யுத்தத்தையோ, தேசத்துக்கு நேர்ந்த அபாயத்தையோ காட்டி அக்குற்றத்துக்கு எவரும் நியாயம் கற்பிக்கலாகாது என்று அறுதியிட்டுரைக்கும் ஐந்தாம் விதியிலேதான், என் அபிப்பிராயத்தில், அக்கோவையின் ஜீவன் இருக்கிறது. மீறல் நிகழ்ந்ததென்று நம்பும் அதிகாரி அதனை மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது எட்டாம் விதி. அப்படித் தெரிவித்தவருக்கு அதன் பொருட்டுத் தண்டனை எதுவும் நேரலாகாது என்கிறது அதன் உரை. (இந்த உரை இல்லாவிட்டால் விதியை யார்தான் மதிப்பார்கள்?) ஆதலின், தனக்கென நெறி வகுக்க முற்படும் காவல்துறையோ சிறைத்துறையோ, தலைமையகத்து மேஜையிலேயே அதனை எழுதி முடித்துவிடாமல், இரவில் ரோந்து செல்லும் கான்ஸ்டபிளையும் சிறைக் காவலரையும் அழைத்து, அவர்களது தர்மசங்கடங்களைக் கேட்டறிந்து, புகார் சொல்பவருக்குரிய பாதுகாப்பை முதலில் எழுதட்டும்.