வினைக் கணக்கும் எடைக் கணக்கும்

டென்மார்க்கில் பில்லுண்ட் என்றொரு சிறிய ஊர். லெகோ கட்டைகள் பிறந்த ஊர் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும். அந்த நகராட்சியில் 1996 முதல் குழந்தைக் காப்பாளராக இருந்தவர் கார்ஸ்டன் கால்டொஃப்ட். வேலைக்குப் போகும் பெற்றோரின் சிறு பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார். சம்பளம் நகராட்சி தரும். அவருடைய எடை 160 கிலோவுக்குக் கீழே இறங்கியதில்லை. 2008-ல் நகராட்சியே தன் உடல்நலத் திட்டத்தில் சேர்த்து ஓராண்டு அவருடைய உடற்பயிற்சிக்குப் பணம் கட்டியது. கொஞ்சம் இளைத்தார், அதற்கு முன் நடந்தது போலவே எடை மறுபடி ஏறிவிட்டது. 2010 மார்ச்சில் நீண்ட விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, எடை குறைகிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் வேலை போய்விட்டது. ஊரில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நகராட்சி காரணம் சொன்னது. அந்தக் காரணத்துக்காக வேலை இழந்த காப்பாளர் அவர் ஒருவரே. ஏன் அவர் என்பதற்கு வேலைநீக்கக் கடிதத்தில் பதில் இல்லை.

தொழிற்சங்கம் அவருக்காக நீதிமன்றம் போனது. வழக்கைக் கேட்ட கோல்டிங் நகர நீதிமன்றம், உடல்பருமன் ஊனமாகுமா என்ற கேள்வியை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2014 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குண்டாக இருப்பதற்காக ஒருவரைப் பாகுபாடு செய்யக் கூடாது என்று ஒன்றியச் சட்டத்தில் பொதுவான கொள்கை எதுவும் இல்லை. ஆனால் ஒருவருடைய பருமன் நெடுங்காலம் நீடித்து, மற்றவர்களுக்குச் சமமாக அவர் தொழில் செய்வதைத் தடுக்குமானால், அது ஊனமாகும்; சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. இந்த இரண்டையும் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. மூன்றாவதாக ஒன்றைத் தீர்ப்பு போகிற போக்கில் சொன்னது. அந்த ஊனம் வருவதற்கு அவரே எவ்வளவு காரணம் என்று பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த வரிதான் பெரிது.

ஏனென்றால் உடல்பருமனை ஊனமாகச் சட்டம் ஏற்க வேண்டுமா என்று எந்தச் சபையில் பேச்செடுத்தாலும், எழுந்து வரும் முதல் குரல் ஒன்றுதான். "வாயைக் கட்டத் தெரியாதவனுக்குச் சட்டப் பாதுகாப்பா? கண் இல்லாமல் பிறந்தவனும், கண்டதைத் தின்று பெருத்தவனும் ஒன்றா?" இந்தக் குரல் பக்தர்களிடமிருந்து மட்டும் வந்தால் நான் வியக்க மாட்டேன். நம்மைப் போல் பகுத்தறிவு பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள், அறிவியலைப் பேசுகிற நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அவர்களிடம்தான் எனக்குப் பேச்சு.

கண் தெரியாமல் பிறந்த குழந்தையைப் பார்த்து "போன பிறவியில் செய்த பாவம்" என்று சொன்ன நாடு இது. தொழுநோய் கண்டவரை ஊருக்கு வெளியே தள்ளி, "செய்த வினை அனுபவிக்கிறான்" என்று கைகழுவிய நாடு. நார்வேயில் ஹான்சன் என்பவர் 1873-லேயே அந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். இருந்தும் இந்தியச் சட்டங்களில் 2019 வரை தொழுநோய் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக இருந்தது. ஒருவர் துன்பப்படுகிறார் என்றால் அதற்குத் தகுந்த குற்றம் ஏதாவது அவர் செய்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. அந்த நம்பிக்கையால் பலன் பெற்றவர்கள் யார்? வேடிக்கை பார்த்தவர்கள். கணக்கு ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்றால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை அல்லவா? படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்ட வேண்டியதில்லை, வேலை கொடுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார இடம் விட வேண்டியதில்லை. முற்பிறவியை நாம் மறுத்தோம். ஆனால் குண்டானவர் எதிரே வந்தவுடன் அதே கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம். போன பிறவி என்பது நேற்றைய சாப்பாடு ஆகிவிட்டது. தீர்ப்பு மாறவில்லை.

இந்த இடத்தில் மரபணுவைக் காட்டி வாதாடுவது எளிது. சான்றுகள் வலுவாகவே இருக்கின்றன. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் அதே டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுடைய பருமன் பெற்றவர்களின் பருமனை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களின் பருமனோடு அதற்குத் தொடர்பே தெரியவில்லை. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டறிந்தது. நம் கொழுப்புத் திசுக்களே மூளைக்குச் செய்தி அனுப்பிப் பசியைக் கூட்டிக் குறைக்கின்றன என்று அதிலிருந்து தெளிவானது. 2016-ல் கெவின் ஹால் என்பவர், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஊரே பார்க்க உடம்பைக் குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார். பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்களுடைய உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இளைத்த உடல் பழைய எடையை மீட்கப் போராடுகிறது. "வாயைக் கட்டு" என்று சொல்பவர்களுக்கு இந்தப் போராட்டம் தெரியாது. கால்டொஃப்ட்டுக்குத் தெரியும்.

ஆனாலும் என் வாதத்தை இந்தச் சான்றுகளின் மேல் நிறுத்த மாட்டேன். மரபணுவைக் காட்டி ஒருவரை விடுவிக்கும்போது, குற்றவாளிக் கூண்டு சரிதான், இந்த ஆள்மட்டும் நிரபராதி என்று ஒப்புக்கொள்கிறோம். நாளைக்கே ஒருவர் வந்து, "எனக்கு மரபணுவில் குறையில்லை, சுரப்பியில் கோளாறு இல்லை, ஆசைப்பட்டுத் தின்றேன், பெருத்தேன்" என்றால் என்ன செய்வோம்? அவருக்குமட்டும் கதவைச் சாத்திவிடலாமா? சாத்தக் கூடாது என்கிறேன்.

குடித்துவிட்டு ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டி விழுந்து முதுகெலும்பு முறிந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஊனச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழு, அன்றிரவு எத்தனை கிளாஸ் என்று கேட்டுச் சான்றிதழை நிறுத்தி வைப்பதில்லை. போக்குவரத்து விதியை மீறியதற்குத் தனி வழக்கு, தனி அபராதம் உண்டு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபின் அவர் முழுக்க முழுக்க ஊனமுற்றவர்தான். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் ஏற்படும் அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவியிறக்கவும் கூடாது என்கிறது. எப்படி ஏற்பட்டது, யார் தப்பு என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. லக்சம்பர்க் நீதிமன்றத்தின் அப்போதைய ஆலோசகரான நீலோ யாஸ்கினன், தீர்ப்புக்கு முன் கொடுத்த கருத்துரையில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். சாலையிலும் விளையாட்டிலும் தெரிந்தே ஆபத்தை வரவழைத்துக்கொண்டவர்களின் ஊனத்தையும் சட்டம் ஊனமாகவே கொள்கிறது என்றார். வேகமாக ஓட்டி விழுந்தவருக்குத் தரும் மன்னிப்பைச் சாப்பிட்டுப் பெருத்தவருக்கு மறுப்பதற்குப் பகுத்தறிவில் என்ன ஆதாரம் இருக்கிறது? பெருந்தீனி பாவம் என்ற பழைய மத ஒழுக்கம் நமக்குத் தெரியாமலே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வேறு ஆதாரம் எனக்குத் தென்படவில்லை.

கால்டொஃப்ட் வழக்கின் முடிவு இன்னும் கொடியது. லக்சம்பர்க் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கோல்டிங் நீதிமன்றம் 2016 மார்ச்சில் முடிவு சொன்னது. அவர் தோற்றார். பருமன் அவருடைய வேலைக்குத் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை, ஆகவே அவர் ஊனமுற்றவர் இல்லை, ஆகவே பாதுகாப்பும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டதே அவருக்கு எதிராகத் திரும்பிற்று. வழக்கில் வெல்ல வேண்டுமானால், என்னால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியவில்லை என்று அவர் நிரூபித்திருக்க வேண்டும். முடியவில்லை என்று சொன்னால், அப்படியானால் நீக்கியது சரிதானே என்பார்கள்.

அமெரிக்காவிலும் இதே வலைதான். பி.என்.எஸ்.எஃப். ரயில்வே இயந்திரப் பணிக்குத் தேர்ந்தெடுத்த ஒருவரை, உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 40-ஐத் தாண்டியதால் வேண்டாம் என்றது. தனக்கு எந்த உடல் தொல்லையும் இல்லை, வேலையைச் செய்ய முடியும் என்றார் அவர். 2016-ல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், உடலுக்குள் வேறொரு கோளாறு காரணமாக இருந்தாலொழிய பருமன் ஊனமாகாது என்று அவர் வழக்கைத் தள்ளியது. அதே நிறுவனத்தின் மீது வேறொருவர் தொடுத்த வழக்கில், 2019-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி உடல்பருமன் எப்போதுமே உடற்குறைபாடுதான் என்று நேர்மாறாகச் சொன்னது. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே உடம்பு, இரண்டு நியாயம். எந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருடைய சோறு நிற்கிறது.

ஆகவே உடல்பருமனை ஊனப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். நடக்க முடியாமல், படியேற முடியாமல், பேருந்து இருக்கையில் அடங்காமல் வாழ்கிறவர்களுக்கு ஊனமுற்றோருக்குள்ள எல்லா உரிமையும் வேண்டும். காரணம் கேட்காமல் வேண்டும். வேலை செய்யும் தெம்போடு இருந்தும் பார்வைக்குப் பிடிக்காததால் துரத்தப்படுகிறவர்களுக்கு வேறொரு காவல் வேண்டும். மிச்சிகன் மாநிலம் 1976-லேயே சாதாரணமாக ஒன்றைச் செய்தது. இனம், மதம், பால், வயது என்று பாகுபாடு கூடாத அடிப்படைகளை அடுக்கிய சட்டத்தில் உயரத்தையும் எடையையும் சேர்த்தது. நியூயார்க் நகரம் 2023-ல் அதே வழியில் சட்டம் போட்டது. அங்கே வழக்காட வருபவர் தன்னை நோயாளி என்றோ முடியாதவர் என்றோ நிரூபிக்க வேண்டியதில்லை. எடைக்காக ஒதுக்கினார்கள் என்று காட்டினால் போதும்.

இந்தியச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் உள்ளன. குள்ளத்தன்மை இருக்கிறது; வளர்ந்தவரின் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழே என்று அளவும் தந்திருக்கிறார்கள். தொழுநோய் குணமானவர்களும் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள். இது நல்ல சேர்க்கை. குணமான தழும்பையும் சிதைந்த முகத்தையும் பார்த்து மனிதரை விலக்கும் சமூகத்தின் கண்தான் இங்கே பெரிய தடை என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பருமனானவரை விலக்குவதும் அதே கண்தான். ஆனால் பட்டியலில் பருமன் இல்லை.

இதைச் சொன்னதும் மாற்றுத்திறனாளி நண்பர்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019-21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை மிகுதி. இத்தனை பேரும் உள்ளே வந்தால் போராடி வாங்கிய நான்கு சதவீத இடஒதுக்கீடு என்னவாகும்? அந்த அச்சத்துக்கு இடமில்லை. இடஒதுக்கீடு பட்டியலில் உள்ள ஊனம் குறைந்தது 40 சதவீதம் இருப்பவர்களுக்கு உரியது. அதை யாரும் தொட வேண்டாம். பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு வேறு, அதற்குச் சதவீதமும் இல்லை, பங்கு போடுவதும் இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு தேர்வருக்கு, 40 சதவீத ஊனம் இல்லை என்று சொல்லித் தேர்வாணையம் உதவி எழுத்தரை மறுத்தது. அவர் பக்கம் நின்று 2021-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட்டது. நெடுநாள் குறைபாடு, வெளியில் உள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரைச் சமமாகப் பங்கேற்கவிடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி என்பது சட்டத்தின் பொது விளக்கம். கடுமையான பருமன் அதற்குள் வருமா என்று நீதிமன்றங்கள் துணிந்து கேட்க வேண்டும்.

எண்ணை வைத்துக்கொண்டு ஊனத்தை அளக்கவும் கூடாது. உடல் நிறை எண்ணின் சூத்திரம் 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்லே என்ற புள்ளியியலாளர் போட்டது. சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று தேடியவர் அவர். தனி ஒருவரின் உடல்நலத்தை அளக்க அவர் அதை உருவாக்கவில்லை. நூற்றுக்கு 40 பேரை ஊனமுற்றோர் என்று முத்திரை குத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தடையும் இல்லை. தடை இருப்பவரை அவருடைய வாழ்க்கையைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

பாதுகாப்புக் கொடுத்தால் மக்கள் இன்னும் பெருத்துவிடுவார்கள் என்பார்கள். சக்கர நாற்காலி கிடைக்கும் என்பதற்காக யாரும் காலை முறித்துக்கொண்டதில்லை. அவமானம் உடம்பை இளைக்க வைக்கும் என்றால், இவ்வளவு கேலிக்குப் பின் உலகத்தில் குண்டானவரே இருந்திருக்க மாட்டார்.

பாதுகாப்பு என்பதால் முதலாளியின் நியாயமான கேள்விகள் மறைந்துவிடப் போவதில்லை. 2009-ல் ஏர் இந்தியா, எடை கூடிவிட்டது என்று விமானப் பணிப்பெண்கள் சிலரை வேலையைவிட்டு நீக்கியது. ஆபத்து நேரத்தில் பயணிகளைக் காப்பாற்ற வேண்டிய வேலை அது, உடல்தகுதி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அவசரக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். குறுகிய நடைவழியில் ஓடச் சொல்லுங்கள். மயங்கிய ஒருவரை இழுத்துக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். ஒல்லியானவர், குண்டானவர் எல்லோருக்கும் ஒரே சோதனை, ஒரே கடிகாரம். அதில் தோற்றவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள். வென்றவரை எடை இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்க நிறுவனத்துக்கு என்ன உரிமை என்று நிறுவனமே நீதிமன்றத்தில் வந்து சொல்லட்டும். அந்த நிரூபிக்கும் சுமையை வேலை இழந்தவரின் தோளிலிருந்து இறக்கி, வேலையைப் பறித்தவரின் தோளில் வைக்கும் ஒரு பிரிவைத்தான் நாடாளுமன்றத்திடம் கேட்கிறேன்.