உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறொன்று

சாவகச்சேரியில் தண்ணீர் தானாக உறைவதில்லை. மார்கழி விடியற்காலையிலும் எங்கள் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆயினும், கழுத்துமட்டும் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிப் பூட்டி, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்து மறந்துபோன கண்ணாடிப் போத்தல் மறுநாள் என்னவாகும் என்பதை இங்கும் அறியாதார் இல்லை.

காரணம் எளிது. பெரும்பாலான பொருள்கள் திண்மமாகும்போது சுருங்குகின்றன. தண்ணீரோ விரிகிறது. பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அடுக்கப்படுவதால், 100 பங்கு தண்ணீர் ஏறக்குறைய 109 பங்கு பனிக்கட்டியாகிறது. இடமிருந்தால் இந்த 9 பங்கு ஒரு பொருட்டல்ல. இடமில்லாவிட்டாலோ அது சுவரை நெருக்கும். சுவர் சிறிதும் விட்டுக்கொடாதிருந்தால், வெப்பநிலை சைபருக்குக் கீழ் 22 பாகை செல்சியசுக்கு இறங்கும்போது அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல 2,000 மடங்கைத் தாண்டிவிடும். அதாவது, ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் ஏறக்குறைய 2 தொன் பாரம்.

கனடாவின் கியூபெக் நகரிலே, 1784–85 மாரிகாலத்தில், எட்வேட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி இதைச் சோதித்துப் பார்த்தார். இரும்பு வெடிகுண்டுக் கூடுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை அடைத்து, இரவுக் குளிரில் வைத்தார். சிலவற்றில் அடைப்பு நெடுந்தூரம் தெறித்துப் பறந்தது. வேறு சிலவற்றில் இரும்பே பிளந்து, பிளவினூடாகப் பனிக்கட்டி பிதுங்கி நின்றது. மருந்துமில்லை, நெருப்புமில்லை. வெறும் தண்ணீர்.

அப்படியானால் இது தண்ணீரின் குற்றமா? இல்லை. இதே விரிவினாற்றான் பனிக்கட்டி பாரங்குறைந்து மிதக்கிறது. குளிர்நாட்டு ஏரி மேலே உறைந்தாலும், அடியில் நீர் நீராகவே இருந்து மீன்களைக் காக்கிறது. படைத்தவர் தந்த குணம் நல்லதே. இடங்கொடாமல் பூட்டி வைத்ததே கேடு.

இன்று எம்மவர் பலர் வாழும் ரொறன்ரோவிலே, குளிர்காலத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் வெடிப்பதுண்டு. அங்கே கவனிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. குழாய் பெரும்பாலும் உறைந்த இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய பைப் வாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீர் நெருக்கப்படுகிறது. போக்கிடமற்ற அந்த நீரின் அமுக்கம் ஏறி, எங்கே குழாய் பலவீனமோ அங்கே பிளக்கிறது. உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறொன்று.

எமது வீடுகளை நினைத்துப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மழையில் நடந்து தென்மராட்சிக்கு வந்தோர் எத்தனை ஆயிரம்! 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியே இடிந்து, இங்குள்ளோரும் ஓடினர். 2009இல் யுத்தம் முடிந்தது. இழந்ததைப் பற்றி வாய்திறவாத தகப்பன்மார் பலர். "அவர் நல்ல பொறுமைசாலி" என்று ஊர் சொன்னது. ஆனால் அந்த வீட்டிலே கோபம் வெடிப்பது மகனிடத்தில். காரணமின்றி அழுவது மருமகள். குடியில் விழுவது தம்பி. நாமோ வெடித்த இடத்தைப் பார்த்து, "இவனாற்றான் குடும்பத்துக்கு அவமானம்" என்று தீர்ப்பளிக்கிறோம்.

அப்படியென்றால் வெடித்தவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மனிதன் குழாயல்ல, அவனுக்குச் சுயாதீனம் உண்டு. அடித்த கை அடித்த கைதான். ஆனால் பிளவை ஒட்டிவிட்டு உறைந்த இடத்தைத் தேடாதிருந்தால், அடுத்த குளிருக்கு வேறோரிடம் பிளக்கும். தவறைத் தவறென்று சொல்வது நீதி. அதன் ஊற்றைத் தேடிப்போவது அன்பு. இரண்டும் வேண்டும்.

பொறுமைக்கும் பூட்டிவைத்தலுக்கும் வேற்றுமை உண்டு. போத்தலும் வெடிக்கும் கணம் வரை அசையாமற்றான் இருக்கிறது. அதை அமைதி என்போமா? பொறுமையுள்ளவன் தன் பாரத்தை இறைவனிடமும் நல்ல மனிதரிடமும் இறக்கிவைக்கத் தெரிந்தவன். லாசருவின் கல்லறையருகே ஆண்டவர் எல்லோரும் காண அழுதார். அதைப் பலவீனம் என்று எந்த விசுவாசியும் சொன்னதில்லை. எங்கள் ஆண்கள் மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?

குளிர்நாட்டார் கடுங்குளிர் இரவில் பைப்பை முற்றாகப் பூட்டாமல், துளித்துளியாகச் சொட்டவிட்டுப் படுப்பார்கள். அந்தச் சிறு சொட்டு அமுக்கத்தை ஏறவிடாது. பாவசங்கீர்த்தனமும், சிநேகிதனோடு திண்ணையில் பேசும் அரைமணி நேரமும், மனைவியிடம் சொல்லும் ஒரு வார்த்தையும் அத்தகைய சொட்டுகளே.

இன்னுமொன்று. பிளந்த குழாய் பனிக்கட்டி அடைத்திருக்கும்வரை ஒழுகாமலிருக்கும். வெயில் வந்து உருகும்போதுதான் வீடு வெள்ளமாகும். ஆகவே, பல வருடம் வாய்திறவாத ஒருவர் நாம் அன்பாய்ப் பேசிய ஒரு மாலையில் உடைந்து அழுதால், பயந்து அவர் வாயை அடைக்கவேண்டாம். நமது அன்பு அவரைக் காயப்படுத்தவில்லை. ஏலவே இருந்த காயத்தை உருக்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்து கேளுங்கள்.