மழை கூலியா, கொடையா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தமிழகத்தின் பல பகுதிகள் வெயிலில் காய்ந்திருக்க, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நனைந்து கிடக்கும். கன்னிப்பூ நெல் வளர்வதும் இந்த நாட்களில்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காட்சி வேறு. மேகம் தலைக்கு மேல் ஓடும், மண்ணில் துளி விழுவது அரிது. அரபிக்கடலின் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து தன் நீரை இறக்கிவிடுகிறது. கிழக்கே வந்து சேர்வது வேகம் மட்டும் குறையாத உலர்காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் நெருங்கி நிற்பது அதனால்தான். இன்னும் கிழக்கே, தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில், ஆடிக்காற்று செம்மணலை வாரி இறைக்கிறது. பனையும் உடைமரமும் நிற்கும் அந்த மேடுகள்தாம் தமிழகத்தில் பாலைவனத்துக்கு மிக நெருங்கிய நிலம். எப்போதாவது ஒரு சாரல் தெறித்தாலும் மணல் உடனே குடித்துவிடும்.

மழை அறத்துக்குக் கிடைக்கும் கூலியா, தகுதி பாராத கொடையா என்ற பழைய கேள்வியைச் சோதிக்க இந்தக் கணவாயைவிடப் பொருத்தமான இடம் அரிது.

திருக்குறளில் இரண்டு பதில்களும் உண்டு. அரசன் முறை தவறினால் வானம் பெய்யாது என்கிறது கொடுங்கோன்மை அதிகாரம். கணவனைத் தொழுபவள் சொன்னால் மழை பெய்யும் என்கிறது வாழ்க்கைத் துணைநலம். ஒப்புரவறிதலின் முதல் குறளோ, மழைக்கு இந்த உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று கேட்கிறது. வான்சிறப்பு அதிகாரம் இன்னும் ஆழமாகச் செல்கிறது: வானம் வறண்டால் தெய்வங்களுக்குப் பூசையும் நடக்காது. வழிபாட்டால் மழை வருகிறது என்பது பொது நம்பிக்கை; மழையால்தான் வழிபாடே நிலைக்கிறது என்கிறார் வள்ளுவர்.

கூலிக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சான்று. கண்ணகிக்கு இழைத்த அநீதிக்குப் பின் பாண்டிய நாடு மழையின்றி வறண்டது, கொற்கையில் இருந்த வெற்றிவேல் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான், மழை பெய்தது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன், உயிர் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். பஞ்சத்துக்கு யாரோ ஒருவரின் பாவம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டால், பழி சுமக்க எளியவர்களைத் தேடுவது அடுத்த படி.

2011 கணக்கெடுப்பில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சமமாக இருந்த மாவட்டம் கன்னியாகுமரி. தக்கலையும் திருவிதாங்கோடும் இஸ்லாமியர் நெடுங்காலமாக வாழும் ஊர்கள். கிறிஸ்தவர், இஸ்லாமியர் மறைநூல்களிலும் இதே இருமை இருக்கிறது. விவிலியத்தின் உபாகமம் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தால் பருவமழை என்கிறது. மத்தேயு நற்செய்தியின் இயேசு, நீதிமான்கள்மேலும் அநீதிமான்கள்மேலும் இறைவன் மழை பெய்விப்பதாகச் சொல்கிறார். குர்ஆனில் நூஹ் நபி, பாவமன்னிப்புக் கேளுங்கள், மழை வரும் என்கிறார். மனிதர்கள் நம்பிக்கை இழந்த பின்னும் மழையை இறக்கி அருளைப் பரப்புபவன் இறைவன் என்று வேறோர் இடம் கூறுகிறது.

கணவாயின் இருபுறத்தையும் பார்த்தவர் கூலி என்ற பதிலை ஏற்பது கடினம். மேற்கே உள்ள குலசேகரத்தார் கிழக்கே உள்ள ராதாபுரத்தாரைவிட நல்லவர்கள் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். மழை இடம் பார்த்துப் பெய்கிறது, ஆள் பார்த்து அல்ல. அதனால் அறம் பொருளற்றுப் போவதில்லை. அதன் வேலை மழைக்கு முன்பு இல்லை; பின்பு, பெய்த நீரைப் பகிர்வதில் இருக்கிறது. மழையைச் சொல்லித் தொடங்கும் ஒப்புரவறிதல் அதிகாரம் சில குறள்களுக்குள் ஊருணிக்கு வந்துவிடுவது இந்த வரிசையில்தான்.

இங்கும் அந்தப் பகிர்வு நடந்தது. 1906இல் திருவிதாங்கூர் அரசு கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, மேற்கு மலையின் மழையைத் தேக்கி நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அனுப்பியது. பின்னாளில் அந்த அணை சேர்ந்த கோதையாற்றுப் பாசன அமைப்பிலிருந்து, தோவாளைக் கால்வாயின் தொடர்ச்சியாக, ராதாபுரம் கால்வாய் வெட்டப்பட்டது. காற்று மட்டுமே கடந்த மலையை இப்போது நீரும் கடக்கிறது. யாருக்கு எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற சச்சரவும் கூடவே வருகிறது. அந்தப் பங்கீட்டை இருபக்கத்து விவசாயிகளும் அரசும்தான் பேசித் தீர்க்க வேண்டும்.