கொள்ளுக் கணக்கு

கிழட்டுக் குதிரைக்குக் கொள்ளு வைப்பது லாபமா, நஷ்டமா?

சிரிக்காதீர்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்ட கேள்வி இது. பழைய ரோமாபுரியில் கேட்டோ என்று ஒரு பிரமுகர். ஒழுக்கத்துக்கும் சிக்கனத்துக்கும் பேர் போனவர். கி.மு. 195-ல் ஸ்பெயினுக்குப் படையோடு போய் ஜெயித்தார். திரும்பும்போது, போர் முழுக்கத் தன்னைச் சுமந்த குதிரையை அங்கேயே விட்டுவிட்டார். ஏன் தெரியுமா? கப்பல் கூலி அரசாங்கத்துக்கு மிச்சம்! வயசான அடிமைகளையும் விற்றுத் தலைமுழுகிவிட வேண்டும், உழைக்காத வயிற்றுக்குச் சோறு தண்டம் என்பது அவர் கொள்கை.

பிற்காலத்தில் கேட்டோவின் சரித்திரத்தை எழுதிய புளூட்டார்க்குக்கு இந்த இடத்தில் பொறுக்கவில்லை. நியாயம் மனிதர்களோடு நின்றுவிடும், கருணை வாயில்லா ஜீவன் வரைக்கும் போகும் என்கிறார். கூடவே ஒரு கதையும் சொல்கிறார். ஏதென்ஸில் பார்த்தினான் கோயில் கட்டும்போது, நன்றாக உழைத்த கோவேறு கழுதைகளை இஷ்டம்போல் மேய அவிழ்த்து விட்டார்களாம். அதில் ஒன்று தானாகவே திரும்பி வந்து, பாரம் இழுக்கும் மற்ற விலங்குகளுக்கு முன்னால் உற்சாகமாக நடந்ததாம். அது சாகும்வரை தீனி பொதுச் செலவு என்று ஊரே தீர்மானம் போட்டதாம்.

இது தர்மமா, கடனா? கடன் என்றுதான் எனக்குப் படுகிறது. தர்மம் என்றால் மனசு வந்தால் போடலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். கடன் அப்படியில்லையே! குதிரை நம்மிடம் பேரம் பேசவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அதனாலேயே அந்தக் கடனுக்குக் கனம் அதிகம்.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளை எகிப்தில் ஆயிரக்கணக்கில் விற்றது. 1930-ல் கெய்ரோ போன டோரதி புரூக் என்ற பெண்மணி, அவற்றில் மிச்சமிருந்தவை எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைப் பார்த்தார். லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. சுமார் 5,000 குதிரைகளைத் திரும்ப வாங்கினார். பெரும்பாலானவை தேறாத நிலை. சில நாள் நல்ல தீனி, ஓய்வு. பிறகு வலியில்லாத சாவு. அவரால் முடிந்தது அவ்வளவுதான். கடன் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேரத்தோடு அடைத்த கடனும் உண்டு. 1982 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் நாலு வீரர்களும் ஏழு குதிரைகளும் செத்தார்கள். செஃப்டன் என்ற குதிரை 34 காயங்களோடு பிழைத்தது. 1984-ல் அதற்கு ஓய்வு கொடுத்து, பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஒரு குதிரை இல்லத்துக்கு அனுப்பினார்கள். 1993-ல், 30 வயதில் இறந்தது.

இந்த மாதிரி இடங்களில் வயசான குதிரைகளைக் கூட்டமாக வெளியில் விடுகிறார்கள். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். பயமில்லாமல் படுக்க வேண்டுமென்றால், காவலுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரை விழித்து நிற்க வேண்டும். சிநேகிதமான இரண்டு, ஒன்றின் பிடரியை ஒன்று பல்லால் சொறிந்துவிடும். அதே குதிரையை அழகான லாயத்தில் தனியாகக் கட்டிப்போடுங்கள். மரத்தைக் கடிக்கும், மணிக்கணக்கில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். லாயத்தில் குறையொன்றும் இருக்காது. பக்கத்தில் ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

அப்படியானால் சும்மா அவிழ்த்து விட்டால் போதுமா? போதாது. ஊட்டி ரோட்டில் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் கட்டில்லாமல்தான் திரிகின்றன. வயசான குதிரைக்குப் பல் தேயும், குளம்பு வளரும். யாராவது வேளாவேளைக்கு வந்து பார்க்க வேண்டும். விடவும் வேண்டும், கைவிடவும் கூடாது. கஷ்டமான காரியம்தான்.

இதை நான் குதிரைக்கு மட்டும் சொல்லவில்லை என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ரிட்டயர் ஆன அப்பாவை ஊரிலிருந்து அழைத்து வந்து, தனி ரூம், ஏ.சி., டி.வி. எல்லாம் கொடுத்துவிட்டு, ‘அவருக்கு என்ன சார் குறைச்சல்?’ என்கிறோம். கேட்டோவை விட நாம் எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வம்பளந்த நாலு பேர் எங்கே?

நாம் கொடுக்க நினைப்பதைக் கொடுப்பது சுலபம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்களேன். குதிரைக்குத்தான் வாயில்லை; அவர் பதில் சொல்வார்.